வன்னியைக் கடந்து சென்றோர்: ஆங்கிலப் பயண நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் ஆங்கிலேயரின் பயணக் குறிப்புகளைச் சான்றாகக் கொள்ளுதல் நம்மிடையே வழக்காகிவிட்டது. அக்குறிப்புகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவது 'ஆளற்ற பெருங்காடு' என்னும் சித்திரமாகும். அச்சித்திரத்தை மேற்கோளாக எடுத்தாளும் நாம், அது எவ்வாறு உருவாயிற்று என்று கேட்பது அரிது. பயணி எம்மாதத்தில் வந்தான், எவ்வழியாற் சென்றான், எங்கே படுத்துறங்கினான், அவனுக்குச் சோறாக்கியவர் யார் என்பன அற்ப விடயங்களாகத் தோன்றலாம். ஆயின், அவன் கூறும் முடிபுகளை எடைபோட இவற்றைவிடச் சிறந்த படிக்கற்கள் நமக்குக் கிட்டா.

முதலில் றொபேட் நொக்ஸை நோக்குவோம். 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட இவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, தொப்பி பின்னியும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் சீவனம் நடத்தினார். 1681இல் வெளியான அவரது நூல், கண்டிக் குடியானவரின் உணவு, உடை, உழவு பற்றிக் கூறுவனவற்றில் இன்றும் மதிக்கத்தக்கது. வன்னியைப் பற்றியோ அவர் கூறுவது சிறிதே. காரணம் வெளிப்படை. 1679 செப்டெம்பரிற் புறப்பட்டு ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்புக் கோட்டையை அடையும்வரை அவரும் அவரது தோழரும் ஒளித்தோடியவர்கள். அருவியாற்றின் கரை அவர்களது பாதை. தாளிப்பனை ஓலை அவர்களது கூரை. மனித நடமாட்டம் அவர்களுக்கு ஆறுதலன்று, ஆபத்து. கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே தனித்து நின்ற வன்னியர் தலைவன் ஒருவனை அவர் குறிப்பிடுகின்றார். அவனைக் கயிலாய வன்னியன் என ஆய்வாளர் இனங்காண்பர். அரசியல் தலைமை இருந்த நாட்டில் குடிகளும் இருந்திருக்கவேண்டுமன்றோ? அவர்களைக் காணாதிருப்பதே நொக்ஸின் அன்றைய தேவையாயிருந்தது.

இரண்டேகால் நூற்றாண்டு கழித்து, 1905 ஜனவரியில், லெனாட் வுல்ஃப் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பதவியேற்க இவ்வழியே வந்தார். வடக்குப் புகையிரதப் பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவுவரை மாட்டுத் தபால் வண்டிதான். தபாற் பைகள் வண்டியின் தட்டிற் கிடக்கும். அவற்றின்மேற் பயணிகள் கிடப்பர். வுல்ஃபிடம் ஒரு நாயும், வோல்தயரின் ஆக்கங்கள் தொண்ணூறு தொகுதிகளும் இருந்தன. 1961இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அப்பயணத்தை அவர் நகைச்சுவையோடு நினைவுகூர்கின்றார். தபாற் பைமேற் படுத்துச் செல்லும் ஒருவரின் கண்ணுக்கு இருபுறமும் மரங்களே தென்படும்.

வுல்ஃப் ஏளனப் பார்வையினரல்லர். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கடுமையாக விமர்சித்தவர். ஆகவேதான் அவரது உதாரணம் நமக்கு முக்கியமாகின்றது. பார்வைக் குறைபாடு தனிமனித மனப்பாங்கிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அது பாதையின் அமைப்பிலும் பொதிந்துள்ளது. வன்னியின் பழைய குடியிருப்புகள் குளங்களையும் நீரூற்றுகளையும் சார்ந்தவை. பனங்காமம் பெருந்தெருவுக்கு மேற்கே உள்ளது. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்பன கிழக்கே உள்ளன. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என நேர்வடக்கே செல்பவன் இவற்றைக் காணான். புகையிரதம் வந்தபின் இந்நிலை மாறவில்லை. 1908இல் ஹென்றி கேவ் வெளியிட்ட வழிகாட்டி நூல் நிலையம் நிலையமாக வாசகனை அழைத்துச் செல்கின்றது. நிலையத்திலிருந்து குளத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் அவன் இறங்கி நடப்பதில்லை.

பருவமும் கவனிக்கத்தக்கது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வன்னிக் கமக்காரன் காலபோக வேலையில் மூழ்கியிருப்பான். அப்பொழுது ஆறுகள் பெருகும், பாதைகள் சேறாகும். வசதி நாடும் பயணி வரமாட்டான். அவனுக்கு உகந்த கோடையிலோ வயல் தரிசு, குளம் வற்றல். ஓய்ந்து கிடக்கும் நிலத்தைப் பாழ்நிலமென அவன் எழுதிவிடுகின்றான். பதவில் குளத்தைக் கண்டு வியந்த எமேசன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில், அத்தகைய அணையைக் கட்டப் பத்தாயிரம் பேர் ஐந்தாண்டு உழைக்கவேண்டுமெனக் கணக்கிட்டார். பண்டைய உழைப்பாளியை எண்ணிப் பார்க்க முடிந்த அவ்வதிகாரிக்கு, சமகால உழைப்பாளியின் நாட்டில் இடிபாடே முதன்மையாகத் தெரிந்தது.

தங்கி வாழ்ந்தவர் எழுதியது வேறாயிருந்தது. 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், சூடு மிதிக்கும் களத்திற்கே உரிய சொற்களையும் ஆராய்ந்து எழுதியவர். இரவிற் சூடு மிதிக்கும் இடத்தில் நின்றவர்களிடம் கேட்டறியாது அச்சொற்களைப் பெறமுடியாது. அவரது நூலும் வரியும் நிருவாகமும் சார்ந்த தேவையிற் பிறந்ததே, அதனை மறத்தலாகாது. எனினும் அங்கே மனிதர் பேசுகின்றனர்.

ஆங்கில நூல்களோடு நாம் ஒருங்குவைத்துப் படிக்கவேண்டியன வன்னியின் வாய்மொழிப் பாடல்கள். குருவிச் சிந்து, பன்றிப் பள்ளு என்பனவற்றின் பெயர்களே பொருள் பொதிந்தவை. வெள்ளையரின் வேட்டை நூல்களிற் காட்டுப்பன்றி பொழுதுபோக்குக்குரிய இரை. கமக்காரனுக்கோ அது ஒரு வருட உணவை ஓரிரவில் உழுதழிக்கும் பகை. ஒரே காடு, ஒரே விலங்கு. ஒருவனுக்குக் காட்சியாயிருப்பது மற்றவனுக்குக் கண்விழிப்பு. இப்பாடல்களை நாட்டார் வழக்காற்றியற் பாடத்துக்கும் பயண நூல்களை வரலாற்றுப் பாடத்துக்கும் ஒதுக்கிவிட்ட நமது கல்வி முறையையும் இவ்விடத்திற் குறைகூறாதிருக்க முடியவில்லை.

'வெறுங்காடு' என்ற கருத்து ஏட்டளவில் நின்றதன்று. 20ஆம் நூற்றாண்டின் குடியேற்றத் திட்டங்கள் யாவும், எவர் வகுத்தனவாயினும், காலியான நிலம் என்னும் எடுகோளின் மீதே எழுந்தன. யாழ்ப்பாணத்துப் படித்தோர் பேச்சிலும் வன்னி நெடுங்காலம் 'காடு'தான். அதிகாரி மாற்றம் பெற்று அங்கு செல்வது தண்டனையாகக் கருதப்பட்டது. ஆங்கிலேயனின் கண்ணாடியை நாம் கழற்றவில்லை. நமக்கேற்ப அளவு மாற்றி அணிந்துகொண்டோம்.

இன்னொரு வகைப் பயணிகளும் உளர். ரெனன்ற் இலங்கையிற் பதவி வகித்த 1840களில், தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மன்னாரில் இறங்கி, வன்னியின் தென்விளிம்பு வழியே மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாய்ப் போயினர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் பயண நூல் எழுதவில்லை. அவர்கள் தங்க வாடிவீடுகளும் இல்லை. அவர்களது வழித்தோன்றல்களிற் பலர் 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். அத்தலைமுறையினரிற் பலர் இன்னும் நம்மிடையே உளர். அவ்வழிநடைகளைப் பற்றி அவர்கள் தம் முன்னோரிடம் கேட்டறிந்தவற்றை ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தமிழ்த் துறைகள் ஏற்கவேண்டும்.