காட்டப்படாத சிங்கங்கள்

ஒரு புறம் கம்பாலகொண்டாக் காடும் மறுபுறம் வங்காள விரிகுடாவுமாக, 1977-ஆம் ஆண்டு முதல் பொதுஜனங்களுக்குத் திறந்திருக்கும் விசாகப்பட்டினத்து இந்திரா காந்தி மிருகக்காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு சென்று, புலியையும் சிங்கத்தையும் கண்டு களித்துக் கடற்காற்று வாங்கித் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர், தாங்கள் பாராத சிங்கங்கள் அதே நிர்வாகத்தின் பராமரிப்பில் மூப்பெய்தி மடிந்த வரலாற்றை அறிந்திருக்க ஏதுவில்லை.

அவை சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து வந்தவை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டலாகாது என்று மத்திய அரசு 1998-இல் பிறப்பித்த அறிவிக்கையை முதலில் கேரள உயர் நீதிமன்றமும், பிறகு 2001-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்யவே, போக்கிடமற்ற அந்தப் பிராணிகளுக்காக விசாகப்பட்டினம், திருப்பதி, வண்டலூர், பன்னேர்கட்டா முதலிய இடங்களில் மீட்பு நிலையங்கள் ஏற்பட்டன. அங்கே அவை இனம் பெருகலாகாது, ஜனங்களுக்குக் காட்டப்படலாகாது என்பது ஏற்பாடு.

முதல் விதி ஜீவகாருண்யத்துக்கு விரோதமானதுபோல் தோன்றினாலும், ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கீர்க் காட்டுச் சிங்கத்தையும் வரைமுறையின்றிக் கலந்து ஈனச் செய்த சர்க்கஸ்காரர்களின் வினையால் பிறந்த குட்டி எந்த வனத்துக்கும் உரியதன்று என்பதையும், அதன் சந்ததி பெருகினால் கூண்டுகளே பெருகும் என்பதையும் யோசித்தால் அதன் நியாயம் விளங்கும்.

விவாதத்துக்கு இடமளிப்பது இரண்டாவது விதியே. இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில், சாண்டவுன் கடற்கரையோரம் பழைய கோட்டையொன்றில் இருக்கும் வைல்ட்ஹார்ட் சரணாலயம், முன்பு சாதாரண மிருகக்காட்சிசாலையாக இருந்து 2017-இல் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. ஸ்பெயின் நாட்டு சர்க்கஸ்களிலிருந்து மீட்ட புலி சிங்கங்களை அது மறைப்பதில்லை, பெயரும் பூர்வ கதையும் சொல்லியே காட்டுகிறது. கூடாரத்து வேடிக்கைக்குப் பின்னால் இருந்த துன்பத்தை ஒரு சிறுவன் அங்கே நேருக்கு நேர் உணர்கிறான். அவனுடைய தகப்பனார் கொடுத்த பிரவேசக் கட்டணம் அந்தப் புலியின் ஆகாரமாகிறது. இது அற்பமான நன்மையன்று. ஆயினும் கடற்கரை ஊருக்குக் கூட்டம் கோடையில்தான் வரும்; புலிக்கோ குளிர்காலத்திலும் இறைச்சி வேண்டும். வருவோரை நம்பி வாழும் ஸ்தாபனம், குகைக்குள்ளேயே முடங்கிக் கிடக்க விரும்பும் கிழப்புலியைவிட வெளியே உலாவும் புலியை விரும்பும்படி நேருமானால், அதற்காக அதன் நிர்வாகிகளை நிந்திப்பது எளிது, மாற்று வழி காட்டுவது அரிது. (மீட்கப்பட்ட கழுதைப்புலிக்கு இத்தனை டிக்கெட் விற்குமா என்பதும் கேட்கத் தக்கதே.)

அரசாங்கத்தின் செலவில் நடக்கும் நம் நிலையங்களுக்கு இந்த ஆசையில்லை. 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கி மிருகக்காட்சிசாலையைச் சீர்குலைத்தபோதும், பார்வையாளர் இல்லையே என்று பிராணிகளைப் பட்டினி போட வேண்டியிருக்கவில்லை. சாட்டைக்கும் கைதட்டலுக்கும் நடுவே வளர்ந்த சிங்கத்துக்கு மனித முகங்களிலிருந்து விடுதலையளித்தது மிகவும் சரியென்பதே என் அபிப்பிராயம். ஆனால் சிங்கத்தை மறைத்ததோடு அதன் சரித்திரமும் மறைந்துபோக வேண்டியதில்லை. அன்று கைதட்டியவர்களும் அவர்களுடைய பேரக்குழந்தைகளும் காட்சிச் சிங்கத்தின் முன்னே நிற்கிற அந்த இடத்திலேயே, காட்டப்படாத சிங்கங்களின் கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது.

சர்க்கஸ் பிராணிகளின் தலைமுறை முடிந்துவருகிறது; இனி மீட்பு நிலையங்களின் கதவைத் தட்டுபவற்றில் ஊருக்குள் புகுந்து பிடிபட்ட சிறுத்தைகளும் உண்டு. காட்டையன்றி வேறொன்றறியாத அவற்றுக்கு ஜனங்களின் பார்வையே ஒரு துன்புறுத்தலாதலால், சர்க்கஸ் சிங்கத்தின் விஷயத்தில் சலுகையாக இருந்த மறைப்பு, சிறுத்தையின் விஷயத்தில் கட்டாயமாகிறது.