மாக்கியவெல்லி இருக்கட்டும், பெக்காரியா எங்கே?

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆங்கிலத்தில் முழு நூலாக வெளிவந்தது பெங்களூரில், 1915இல், அரசு அச்சகத்திலிருந்து. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடிதான் அதற்கு மூலம். அதை இன்னதென்று அடையாளம் கண்டவர் அங்கே நூலகராக இருந்த ஆர். ஷாமசாஸ்திரி. மூலத்தை 1909இல் பதிப்பித்துவிட்டு, மொழிபெயர்ப்பையும் அவரே செய்தார். நூல் கைக்கு வந்ததும் உலகம் அதற்கு ஒரு பட்டம் சூட்டியது: இந்திய மாக்கியவெல்லி. இதன் பக்கத்தில் வைத்தால் மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ வெறும் சாது என்று 1919இல் மாக்ஸ் வேபர் எழுதினார். ஒப்பீடு ஓரளவு பொருந்தும், ஆனாலும் சாணக்கியர் இன்னும் பெரிய ஆள் என்றார் நேரு.

நூறாண்டுக்கு மேலாகியும் இந்த ஜோடியை யாரும் பிரிக்கவில்லை. நம் அரசியல் பத்திகளில் கட்சி உடைந்தால் சாணக்கியர் வருவார், கூட்டணி மாறினால் மாக்கியவெல்லி வருவார். அதிகாரம், குற்றம், தண்டனை பற்றி இத்தாலியர் எழுதியவற்றில் இங்கே புழங்குவது இந்த ஒரு பெயர்தான். கௌடில்யரோடு உட்கார வைத்துப் பேச வேண்டிய இத்தாலியர் வேறொருவர் என்பது என் கட்சி.

மாக்கியவெல்லிக்குத் தண்டனை ஏட்டறிவு அல்ல. 1513இல் மெதிச்சி குடும்பத்துக்கு எதிரான சதியில் பங்கு என்ற சந்தேகத்தில் பிடிபட்டு, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிடப்பட்டவர். வெளியே வந்து, ஊர்ப்புறத்தில் ஒதுங்கியிருந்தபோது எழுதியதுதான் ‘இளவரசன்’. அதில் மறக்க முடியாத தண்டனை ரெமிர்ரோ தெ ஓர்கோவுடையது. செசாரே போர்ஜா தான் பிடித்த ரொமாஞா பகுதியை அடக்க இந்தக் கொடியவனை அனுப்பினான். ஊர் அடங்கிற்று, வெறுப்பும் வளர்ந்தது. 1502 டிசம்பரில் ஒரு காலை, செசேனா நகரச் சதுக்கத்தில் அந்த அதிகாரியே இரு துண்டாகக் கிடந்தான். மக்களுக்குத் திருப்தி, திகைப்பு இரண்டும் என்று மாக்கியவெல்லி நிதானமாகக் குறித்து வைக்கிறார். கீழே இருப்பவனைப் பலிகொடுத்து மேலே இருப்பவர் கைகழுவும் வித்தைக்கு இதைவிடத் துல்லியமான குறிப்பு கிடையாது. ஆனால் இங்கே தண்டனை என்பது காட்சி. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு, யார் விசாரிப்பது, எத்தனை நாளுக்குள் என்ற கேள்விகளே எழுவதில்லை. லிவியின் வரலாற்றை முன்வைத்து அவர் எழுதிய இன்னொரு நூலில் மட்டும் ஓர் அரிய இடம் உண்டு: தலைவர்கள்மேல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டச் சட்டவழி ஒன்று குடியரசுக்கு வேண்டும், இல்லையேல் அவதூறுதான் மிஞ்சும். அதை நம் பத்தியாளர்கள் எடுத்தாண்டு நான் பார்த்ததில்லை.

அளவு, விசாரணை, காலம் பற்றிய அந்தக் கேள்விகளைக் கேட்டவர் மிலான்காரர் செசாரே பெக்காரியா. 1764இல், இருபத்தாறு வயதில், ‘குற்றங்களும் தண்டனைகளும்’ என்ற சிறு நூலைப் பெயர் போடாமல் லிவோர்னோவில் அச்சிட்டார். இரண்டே ஆண்டில் வாத்திகன் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. சித்திரவதை கூடாது: உடல் வலுவுள்ள குற்றவாளி தப்புவான், நோஞ்சான் நிரபராதி மாட்டுவான். மரண தண்டனை கூடாது. தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வரும் என்பதே குற்றத்தைத் தடுக்கும். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடைவெளி குறையக் குறையத்தான் மனித மனம் இரண்டையும் காரணமும் விளைவுமாகச் சேர்த்துப் பார்க்கும். இந்த வாதங்களின் வழியில், டஸ்கனியை ஆண்ட பெருங்கோமகன் பியெத்ரோ லியோபோல்தோ 1786 நவம்பர் 30இல் தூக்கையும் சித்திரவதையையும் சட்டத்திலிருந்தே எடுத்தார். மாக்கியவெல்லி கயிற்றில் தொங்கிய அதே ஃப்ளாரன்ஸ் அவருடைய தலைநகர்.

இப்போது ஷாமசாஸ்திரியின் பெங்களூர்ப் பதிப்பைத் திறந்து ஒற்றர், விஷம், சூழ்ச்சி அத்தியாயங்களைத் தாண்டி நான்காம் அதிகரணத்துக்குப் போகலாம். வழக்குக்கு வந்தவரை மிரட்டும் நீதிபதிக்கு அபராதம். கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால் அபராதம். காரணமில்லாமல் இழுத்தடித்து, வழக்காளிகள் சலித்து வெளியேறும்படி செய்தாலும் அபராதம். அங்கத்தை வெட்டும் தண்டனைக்கு ஈடாகப் பணம் கட்ட ஒரு விகிதப்பட்டியலும் உண்டு. தண்டம் மிஞ்சினால் மக்கள் வெறுப்பார்கள், குறைந்தால் மன்னனை மதிக்கமாட்டார்கள், தக்க அளவே நிற்கும் என்று முதல் அதிகரணத்திலேயே சொல்லியாயிற்று. அளவும் காலமும் பற்றிய இந்தக் கவலை பெக்காரியாவின் கவலை. இருவரும் ஒன்றென்று சொல்லவில்லை. வாக்குமூலம் வாங்கச் சித்திரவதையை கௌடில்யர் அனுமதிக்கிறார். வருணம் பார்த்துத் தண்டனையை மாற்றுகிறார். ஆனாலும் ஒப்பிட இங்கே சரக்கு இருக்கிறது.

பெக்காரியாவுக்குப் பின் வந்த இன்னோர் இத்தாலியர் லொம்ப்ரோசோவுக்கு அதிக இடம் தேவையில்லை. 1876இல் வந்த அவருடைய நூல் குற்றவாளி பிறவியிலேயே அப்படி, மண்டையோடு காட்டிக்கொடுக்கும் என்றது. இந்தியாவில் அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்துவிட்டது. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் தலைகளையும் மூக்குகளையும் அளந்ததும், ரேகைச் சட்டம் என்று இங்கே அறியப்பட்ட அந்தச் சட்டம் பிரமலைக் கள்ளர்மேல் பாய்ந்து 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்ததும் இந்த வகைச் சிந்தனை புழங்கிய உலகில்தான்.

அடுத்த இத்தாலியர் கிராம்சி நம் ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமானவர். 1926 நவம்பரில் முசோலினி அரசு அவரைப் பிடித்தது. 1937இல் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை முழு விடுதலை இல்லை. சிறைக் குறிப்பேடுகளில் மாக்கியவெல்லியைத் திருப்பிப் படித்தார்: இந்தக் காலத்து இளவரசன் தனிமனிதன் அல்ல, கட்சி. இதைப் பெங்களூரில் படிக்கச் சரியான இடம் சுதந்திரப் பூங்கா. சேஷாத்ரி சாலையில் முன்பு மத்தியச் சிறையாக இருந்து, 2008இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட வளாகம் அது. நடுவில் கண்காணிப்புக் கோபுரம் இன்னும் இருக்கிறது. 1975 ஜூன் 26 அன்று நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயியும் அத்வானியும் நெருக்கடிநிலை அறிவிப்பையொட்டிக் கைதாகி இங்கேதான் அடைபட்டார்கள். அத்வானியின் சிறைக் குறிப்புகள் பின்னர் நூலாயின. ‘சம்ஸ்காரா’ படத்தில் நடித்த சிநேகலதா ரெட்டியும் இங்கே நாட்குறிப்பு எழுதினார். 1976 மே மாதம் கைதான அவர் ஆஸ்துமாவோடு சிறையில் கிடந்தார்; 1977 ஜனவரி 15இல் பரோல் கிடைத்தது, 20ஆம் தேதி இறந்தார். மரண தண்டனை விதிக்காமலே ஓர் அரசு ஒருவரின் உயிரை எடுத்துவிட முடியும் என்பதை பெக்காரியா யோசிக்கவில்லை.

காலம் பற்றிய அவருடைய வாதத்துக்குச் சோதனை தமிழர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. ஜெயலலிதா முதல்வராக இருந்த 1991-96 காலத்துச் சொத்துக் குவிப்பு வழக்கு 1996இல் பதிவாயிற்று. தமிழ்நாட்டில் நியாயமாக நடக்காது என்று 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில், 2014 செப்டம்பர் 27இல்: நான்காண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 2015 மே 11இல் உயர் நீதிமன்றம், வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 சதவீதமே என்று கணக்கிட்டு விடுவித்தது. அந்தக் கூட்டல் அன்றே சந்தி சிரித்தது. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியபோது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா உயிரோடு இல்லை. அவரோடு தண்டிக்கப்பட்ட மற்றவர்கள் சிறைக்குப் போனார்கள்.

வேகம் மட்டும் போதும் என்பதும் இல்லை. கோவலனுக்குத் தண்டனை அன்றே கிடைத்தது, விசாரணைதான் இல்லை. பெக்காரியா கேட்டது இரண்டையும்: ஆதாரம் தேடவும் எதிர்வாதம் செய்யவும் போதிய நாள், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. இந்த வழக்கில் தவணைகளும் மேல்முறையீடுகளும் அந்தக் கோட்டைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஓடின. நீதிமன்றங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தவணை கேட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு. பறிமுதலான நகைகளையும் நிலப் பத்திரங்களையும் பெங்களூரு நீதிமன்றம் தமிழ்நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்தது 2025 பிப்ரவரியில். வழக்குப் பதிவானபோது பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ. தொலைக்காட்சியில் அந்தப் பெட்டிகளைப் பார்த்து, இவை எந்தக் குற்றத்துக்கானவை என்று அது வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.