வாலியின் முறையீடும் சமயத்தின் பொருளும்

சமயம் என்பது யாது, அது மக்கள் வாழ்வில் ஆற்றும் பணி யாது என்னும் வினாக்களுக்கு நூலோர் பலபடக் கூறிய விடைகள் உள. சொற்பொருள் வழியே செல்வோமாயின், 'மதம்' என்பது கருத்து, கொள்கை என்னும் பொருளது. நூலாசிரியர்க்குரிய மதம் ஏழு என வகுத்த நன்னூலார், பிறர் கருத்துக்கு உடன்படல், அதனை மறுத்தல் முதலியவற்றையே அச்சொல்லாற் குறித்தார். 'சமயம்' என்பது உடன்பாடு, நெறி என்னும் பொருள்களையுடைய வடசொல்வழி வந்தது. இவ்விரு சொற்களும் கொள்கைப் பகுதியை உணர்த்துவன. மக்களிடையே அது செய்யும் செயலை உணர்த்துவன அல்ல. அச்செயலை அறிய விரும்புவோர் இலக்கியத்தையும் ஊர்வழக்கையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். அம்முறையில் வாலிகண்டபுரத்து வழக்கொன்றையும் கம்பர் படைத்த வாலியையும் ஈண்டு ஆராய்வோம்.

வாலிகண்டபுரம் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியை அடுத்து அமைந்த ஊர். வாலி இங்குச் சிவபெருமானை வழிபட்டான் என்பது ஊர்வழக்கு. இறைவன் பெயரும் வாலீசுவரர் என்பதே. இவ்வழக்கு இவ்வூர்க்கு மட்டும் உரியதன்று. காவிரியின் வடபால் உள்ள வடகுரங்காடுதுறை வாலி வழிபட்ட தலம் என்றும், தென்பால் உள்ள தென்குரங்காடுதுறை சுக்கிரீவன் வழிபட்ட தலம் என்றும் கூறப்படும். ஒருவரையொருவர் கொல்ல முனைந்த உடன்பிறந்தார் இருவர்க்கும் ஓர் ஆற்றின் இருபுறத்தும் இடம் அளித்துள்ளது தமிழ் வழக்கு. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் வடகுரங்காடுதுறைப் பதிகத்தில் அவனை 'வாலியார்' என்று உயர்த்திக் கூறுவதும் ஈண்டுக் கருதத்தக்கது. கதையில் தண்டிக்கப்பட்டவன் வழிபாட்டில் மதிக்கப்பட்டது எவ்வாறு? இதுவே நம் முன் நிற்கும் வினா.

பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலறிஞர் எமில் துர்கேம் 1912-இல் வெளியிட்ட நூலில், சமயம் தன்னை ஏற்பாரை ஓர் ஒழுக்கச் சமுதாயமாகப் பிணிக்கிறது என்றும், மக்கள் தெய்வமாக வணங்குவது தம் சமுதாயத்தின் ஆற்றலையே என்றும் விளக்கினார். விழாவும் நோன்பும் மக்களை ஒன்றுபடுத்துதல் கண்கூடு. ஆதலின் இக்கருத்தில் உண்மை பெரிதும் உண்டு. ஆயினும், சமுதாயத்தின் கட்டளையே தெய்வமாயின், அக்கட்டளையை மீறி வீழ்ந்தவன் பெயரால் கோயில் எழ வேண்டுவதில்லை. வென்றவனைப் போற்றித் தோற்றவனை மறத்தலே இயல்பாதல் வேண்டும்.

சமயம் ஆள்வோரின் கருவி என்பாரும் உளர். வாலிகண்டபுரத்தின் வரலாறு அக்கருத்தின் எல்லையைக் காட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பீசப்பூர்ச் சுல்தானின் சார்பாகச் சேர்கான் லோடி இவ்வூரிலிருந்து ஆண்டான். 1677-இல் சிவாசி அவனை வென்றார். 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகம்மதலியும் ஆங்கிலேயரும் மறுபுறமும் நின்று இவ்வூர்ப் புறத்தே பொருதனர். அண்மையிலுள்ள இரஞ்சன்குடிக் கோட்டை அக்காலப் போர்களை இன்றும் நினைவூட்டுகிறது. ஆண்டோர் மாறினர், அவர்தம் சமயமும் மாறிற்று. வாலியின் பெயரோ ஊர்ப்பெயராகவே நின்றது. அரசின் ஆணையால் மட்டும் நிற்பதாயின், அவ்வழக்கு அரசோடு மறைந்திருக்கும்.

இனி, ஒரு தடை எழுதல் கூடும். திருமாலின் அவதாரத்தால் வீழ்ந்தவனைச் சிவனடியானாக்கியது சமயப் பூசலின் விளைவன்றோ என்பர். இராமகாதை பாடிய கம்பரே இதற்கு விடை தருகின்றார். நட்புக்கோட் படலத்தில் அனுமன் வாயிலாக வாலியின் ஆற்றலை அறிமுகம் செய்யும் கம்பர், அவன் எண்டிசையின் எல்லைக்கும் நாள்தோறும் சென்று அட்டமூர்த்தியாகிய சிவனை வணங்குபவன் என்கிறார். இராமன் பெருமை பாட வந்த புலவர் அவனால் வீழ்த்தப்பட்டவனின் பத்தியைக் குறைத்துக் கூறவில்லை. எனவே, பூசல் என்னும் விடை இங்குப் பொருந்தாது.

ஆயின், அத்தகைய அடியான் தவறியது எவ்வாறு? தம்பி தன்மேற் பிழையில்லை என்று எடுத்துரைத்தபோது வாலி அதனைக் கேட்கவில்லை, நாட்டினின்று துரத்தினான், அவன் மனைவியையும் கைக்கொண்டான். திசையெல்லாம் சென்று வணங்கிய கால்கள் தம்பியின் முறையீட்டின்பால் ஓரடியும் பெயரவில்லை. வழிபாடு ஒன்றே ஒருவனை அறவோனாக்கிவிடாது என்பதைக் கம்பர் இவ்வாறு புலப்படுத்துகின்றார்.

அம்பு தைத்தபின் நிலை மாறுகின்றது. முறையீட்டுக்குச் செவி கொடாதவன் தானே முறையிடுகின்றான். மறைந்து நின்று எய்தது முறையோ என இராமனை நேர்நின்று வினவுகின்றான். கம்பர் அவ்வினாவை அடக்கவில்லை; அதன் முழு வன்மையோடும் ஒலிக்கவிடுகின்றார். இறைவனையே வழக்கிற்கு இழுக்கும் உரிமையை வீழ்ந்தவனுக்கு வழங்கியது அக்காவியத்தின் பெருஞ்சிறப்பாகும்.

அவ்வழக்கின் நடுவே வாலி ஒரு வாதம் உரைக்கின்றான். மனைவி, கற்பு என்னும் வரையறைகள் மானிடர்க்குரியன. குரங்கினத்தார்க்கு அவை இல்லை என்பது அது. இராமன் இதனை ஏற்கவில்லை. நன்றும் தீதும் அறிந்தவன் பிறப்பைக் காட்டித் தப்ப இயலாது என்கிறான். முதலையின் வாய்ப்பட்டு இறைவனை அழைத்த யானையையும், சீதையின் பொருட்டு உயிர் துறந்த சடாயுவையும் சான்று காட்டுகின்றான். பிறப்பன்று, அறிவே ஒருவனை அறத்திற்கு உரியவனாக்குகிறது என்பது இம்மறுமொழியின் சாரம்.

இச்சாரத்தை அதன் முடிபு வரை கொண்டு செல்லுதல் திறனாய்வாளர் கடமை. பிறப்புக் கடமையினின்று ஒருவனை விலக்காது எனின், உரிமையினின்றும் விலக்காது என்பதே நேரிய முடிபு. நம் தலபுராணங்கள் இதனை நெடுங்காலமாகக் கூறிவந்தன. திருவானைக்காவில் யானையும் சிலந்தியும் வழிபட்டன. குரங்கணில்முட்டத்தில் குரங்கும் அணிலும் காக்கையும் வழிபட்டன. இவற்றைப் பத்தியோடு ஓதிய சமுதாயமோ மக்களுள் ஒரு பகுதியினரைக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்திற்று. 1936-இல் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பும், 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த ஆலய நுழைவும், 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டமும் வேண்டியிருந்தன. குரங்குக்குத் திறந்த கதவு மனிதனுக்குத் திறக்கப் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டமை, சமயம் சொல்லியதைச் சமயத்தார் கேளாமையின் விளைவேயாகும். எண்டிசையும் தொழுது தம்பியைக் கேளாத வாலியின் பிழையும் இதுவே.

வாலியின் இறுதி இப்பிழைக்கு மாற்றினையும் காட்டுகின்றது. தன் குறையை உணர்ந்தபின் அவன் வேண்டுவன யாவை? கள்ளுண்டு மயங்கிச் சுக்கிரீவன் தவறுவானாயின் தன்மேல் ஏவிய கணையை அவன்மேல் ஏவலாகாது என்கிறான். தமையனைக் கொல்வித்தவன் என்று இராமனின் தம்பியர் அவனை இகழ்வராயின், அதனைத் தடுத்தல் வேண்டும் என்கிறான். மகன் அங்கதனை இராமனிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றான். தம்பியின் குரலைக் கேளாதிருந்தவன், தன் குரல் கேட்கப்பட்டபின் தம்பிக்காகக் குரல் கொடுக்கின்றான். அவன் வணங்கிய நாட்களிற் பெறாத பேற்றை இங்கே பெறுகின்றான் எனலாம்.

இதுகாறும் கூறியவற்றால், சமயம் மக்களைப் பிணிக்கும் கட்டு என்பது அதன் ஒரு பாதியே என்பது பெறப்படும். அக்கட்டினால் நெருக்குண்டார், தவறி வீழ்ந்தார், தள்ளி நிறுத்தப்பட்டார் ஆகியோரின் முறையீட்டைக் கேட்கும் இடமாக நிற்றலே அதன் மறுபாதி. முதற்பாதி மட்டும் எஞ்சும்போது சமயம் வலியார் கையில் வேலியாகிறது. ஒரு சமயத்தின் தகுதியை அதன் கோபுரத்தின் உயரத்தாலோ கொள்கையின் நுட்பத்தாலோ அளத்தல் போதாது. யார் குரல் அங்குக் கேட்கப்படுகிறது என்பதனாலும் அளத்தல் வேண்டும். வாலியை மறவாத வாலிகண்டபுரத்து வழக்கு நமக்குத் தரும் அளவுகோல் இதுவே என்பது எம் துணிபு.