பழனிப் பாதையும் கதிர்காமப் பாதையும்: அன்னதானம் இரு நாடுகளில்

தை பிறந்ததும் கோவை காந்திபுரத்தின் நடை மாறும். கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள். பச்சை வேட்டியும் காவித் துண்டுமாகக் குழு சேர்ந்து பழனிக்கு நடக்கிறார்கள். உக்கடம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாக 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2021 முதல் தைப்பூசம் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. அந்த நாளை ஒட்டிக் கொங்கு நாட்டின் நெடுஞ்சாலைகளெல்லாம் பழனியை நோக்கித் திரும்பிவிட்டது போல இருக்கும்.

நடப்பவர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு போவதில்லை. வழியெங்கும் பந்தல்கள். காலையில் பொங்கல், மதியம் தக்காளி சாதமோ தயிர் சாதமோ, இடையிடையே மோரும் சுண்டலும். கால் வீங்கியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடவும் ஆள் இருக்கும்.

கடலுக்கு அப்பால் இதே முருகனை நோக்கி இன்னொரு நடை உண்டு. யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கடந்து, உகந்தைமலை முருகனைத் தொழுது, குமண, யால காடுகள் வழியே கதிர்காமம் போய்ச் சேரும் பாதயாத்திரை அது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஒன்றரை மாதத்துக்கும் மேலாகும். அதில் நடப்பவர்களையும் வழியில் உள்ள ஊர்களே சோறு போட்டு அனுப்புகின்றன.

சாமி ஒன்று, நடை ஒன்று, கொடுக்கும் சோறும் ஒன்று. ஆனால் அந்தச் சோற்றுக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடு இரண்டு நாட்டிலும் வேறு வேறு. மதம் மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்க்கிறதா, அல்லது புண்ணியக் கணக்கை மட்டும் நிரப்பிவிட்டு விலகிவிடுகிறதா என்ற கேள்விக்கு இந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

அரசு ஏற்ற அடுப்பு

தமிழ்நாட்டில் அன்னதானத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவர் சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. பசி ஒன்றையே தகுதியாக வைத்தார். அந்த எண்ணத்துக்கு அரசு வடிவம் கிடைத்தது 2002-ல். இந்து சமய அறநிலையத் துறை கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் தொடங்கியது. 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் அது நாள் முழுவதும் நடக்கும் அன்னதானமாக விரிந்தது. இன்று 700-க்கும் மேற்பட்ட கோயில்களில் தினமும் இலை விழுகிறது. கோவையில் மருதமலையிலும் பேரூரிலும் மதியம் போனால் பந்தி உண்டு.

திட்டம் நடக்கும் விதம் எளிது. அன்பர் ஒருவர் ஒரு தொகையைக் கோயில் பெயரில் வைப்புநிதியாகப் போடுகிறார். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு நாள் அவர் பெயரால் சோறு போடப்படுகிறது. பிறந்தநாள், திருமணநாள், பெற்றோர் நினைவுநாள் என்று நாட்கள் நிரம்புகின்றன. அன்னதான உண்டியல் தனியாக இருக்கிறது. சமையலுக்கு ஆள் இருக்கிறது, செலவுக்குக் கணக்கு இருக்கிறது, தணிக்கை இருக்கிறது.

இதன் பெரும் பலம், நம்பலாம் என்பது. வேலை தேடி காந்திபுரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கி, பையில் பத்து ரூபாய் மட்டும் மிஞ்சிய ஒருவருக்கு, 70-ஆம் எண் பேருந்தில் ஏறி மருதமலைக்குப் போனால் மதியச் சோறு உறுதி என்பது சின்ன விஷயம் அல்ல. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் திணறியபோது, நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் உணவுப் பொட்டலங்கள் கோயில்கள் வழியாகத் தரப்படும் என்று அரசு அறிவிக்க முடிந்தது. அந்த அடுப்புகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததால்தான் அது சாத்தியமானது.

குறை இன்னொரு பக்கம். பணம் கட்டியவர் பந்தியைப் பார்ப்பதே இல்லை. ரசீது அவர் கைபேசிக்கு வந்துவிடுகிறது. சோறு யாரோ ஒருவர் வயிற்றுக்குப் போய்விடுகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தருமம் முடிந்துவிடுகிறது. பழனிப் பாதைப் பந்தல்கள் இதற்கு விலக்கு. அங்கே வியாபாரிகள் சங்கமும் தெரு இளைஞர்களும் நள்ளிரவில் எழுந்து வெங்காயம் உரிக்கிறார்கள், அண்டா கழுவுகிறார்கள். எடப்பாடியிலிருந்து காவடி எடுத்து வரும் பர்வதராஜகுலத்தார் பழனி மலை மேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, மலையிலேயே இராத் தங்குகிறார்கள். கை உழைப்பு இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள் இவை. ஆனால் ஆண்டுக்குச் சில நாட்களே.

ஊர் ஏற்ற கிடாரம்

இலங்கையில் அறநிலையத் துறை போல நேரடியாகக் கோயில்களை நிர்வகிக்கும் துறை கிடையாது. இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் இருக்கிறது. அது பதிவும் உதவியும் செய்யும், அடுப்பு மூட்டாது. கோயில்கள் பரம்பரைக் குடும்பங்கள் கையிலோ, அறங்காவலர் சபைகள் கையிலோ இருக்கின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாப்பாண முதலியார் குடும்பத்தின் பொறுப்பில் இருப்பது உலகறிந்தது. திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் செலவை ஏற்கும் ஓர் உபயகாரர் என்பது யாழ்ப்பாணத்துக் கோயில்களின் பொது வழக்கம்.

செல்வச் சந்நிதிக்கு அடியார்கள் இட்ட பெயரே அன்னதானக் கந்தன். கோயிலைச் சுற்றி மடங்கள். பெரிய கிடாரங்களில் சோறும் பருப்பும் கறிகளும் வேகும். அங்குள்ள சந்நிதியான் ஆச்சிரமம் தினமும் சோறு போடுவதோடு நிற்காமல், ஏழை மாணவர்களின் படிப்புக்கும் நோயாளிகளின் மருத்துவத்துக்கும் உதவிக்கொண்டிருக்கிறது. இதை இயக்குவது பக்தர்களின் கொடையும் தொண்டர்களின் உழைப்பும்.

ஊர்க் கோயில் அன்னதானம் என்றால் யாழ்ப்பாணத்தில் அதன் இன்னொரு கால் சனசமூக நிலையத்தில் ஊன்றியிருக்கும். பத்திரிகை படிக்கவும் கூட்டம் போடவும் ஊர் கட்டிக்கொண்ட அந்த நிலையத்தின் இளைஞர்களும், விளையாட்டுக் கழகப் பெடியன்களும்தான் விறகு கொத்துவது, தேங்காய் துருவுவது, பரிமாறுவது எல்லாம். பணம் தந்த உபயகாரரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடப்பார். கோயிலுக்கும் ஊர் மன்றத்துக்கும் இடையே சுவர் இல்லாத இந்த அமைப்பு, போரில் சிதைந்த ஊர்கள் மீண்டபோது பெரிதும் கைகொடுத்தது.

போர்க் காலத்தில் வடக்கிலிருந்து கதிர்காம நடை தடைப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது வழியில் இருந்த கிராமங்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தன. கிழக்கின் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு சமைத்து, கோயில் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டிகள் வைக்கவும், நடக்க முடியாதவர்களைத் தாங்கவும் தொண்டர்கள் நிற்கிறார்கள்.

இங்கும் குறைகள் உண்டு. உபயகாரர் இல்லாத நாளில் இலையும் இல்லை என்ற நிலை பல சிறு கோயில்களில் இருக்கிறது. கணக்கு வெளியில் வருவது அறங்காவலரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன பிள்ளைகள் ஊர்க் கோயிலுக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் இளைஞர் குறைந்து பணம் பெருகும்போது, தமிழ்நாட்டு ரசீதுத் தருமம் அங்கும் தலைகாட்டுகிறது.

அரசு தலையிட்டால் எல்லாம் சீராகும் என்றும் சொல்லிவிட முடியாது. கதிர்காமத்தில் இன, மத வேறுபாடு பாராமல் யாத்திரிகர்களுக்குச் சோறும் இடமும் தந்த இராமகிருஷ்ண மிஷன் மடத்தை இலங்கை அரசு 1970-களில் கையகப்படுத்தியது. தமிழ் யாத்திரிகர்கள் அதைத் தங்கள் இழப்பாகவே இன்றும் நினைக்கிறார்கள்.

பந்தியில் பக்கத்தில் யார்?

சோறு கொடுப்பதைவிடக் கடினமானது சேர்ந்து உட்காருவது. 1920-களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவிட்டது தமிழக அரசியலையே உலுக்கியது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் உருவான வாலிபர் காங்கிரஸ், சாதி பாராத சமபந்தியைத் தன் மாநாடுகளில் நடத்திக் காட்டியது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அந்த இளைஞர்களே.

ஆனால் சாதியை உடைக்கும் வேலை முடியவில்லை. 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே நுழையும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டிவந்தது. கோயில் தனியார் கையில் இருப்பதன் இருண்ட பக்கம் அது. தமிழ்நாட்டில் கோயில் பொதுச் சொத்தாக நிர்வகிக்கப்படுவதால், ஆகஸ்ட் 15-லும் அண்ணா நினைவுநாளான பிப்ரவரி 3-லும் கோயில்களில் பொது விருந்து நடத்த அரசால் முடிகிறது. அமைச்சரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே வரிசையில் இலைக்கு முன் உட்காருகிறார்கள். இதை ஒரு சாதனை என்று மதிக்க வேண்டும். அதே சமயம், கொங்கு நாட்டின் எத்தனையோ ஊர்க் கோயில் பந்திகளில் இன்றும் யார் முதலில், யார் கடைசியில் என்பது சாதியால் முடிவாகிறது. அறநிலையத் துறையின் கை எட்டாத அந்த இடங்களில் மாவிட்டபுரத்துக்கும் நமக்கும் அதிக தூரம் இல்லை.

வேலிக்கு அப்பால்

இலங்கையில் வெசாக் பௌர்ணமி வந்தால் தெருவுக்குத் தெரு தன்சல். சோறு, கடலை, தேநீர், ஐஸ்கிரீம் என்று பௌத்தர்கள் வருவோர் போவோர் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்து, உணவைச் சோதித்துத்தான் நடத்த வேண்டும். கொழும்பில் அந்த வரிசையில் தமிழரும் முஸ்லிம்களும் நிற்பது வழக்கம். கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்கு அருகிலேயே பள்ளிவாசல் இருக்கிறது. ஆடி விழாவுக்கு அங்கும் கொடியேறுகிறது. கோவையில் ரமலான் மாதம் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி தூக்குவாளிகளில் பிற மதத்தார் வீடுகளுக்கும் போகிறது.

இவை இருந்தும் இரு நாடுகளும் மதப் பகையால் அடிபட்டிருக்கின்றன. 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் கோவையை மதவாரியாகப் பிரித்துப்போட்டன. இலங்கையில் 2018-ல் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆண்டுக்கு ஒரு நாள் கொடுத்த சோறு ஆண்டு முழுவதற்குமான நட்பு ஆகிவிடாது என்பதே இதன் பாடம். 2022 அக்டோபரில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்தபோது கோவை மீண்டும் பற்றி எரியவில்லை. ஜமாத்தார் கோயிலுக்கே வந்து அர்ச்சகர்களைச் சந்தித்து, நாங்கள் உங்களோடு நிற்கிறோம் என்று தெரிவித்தார்கள். 1998-க்குப் பிறகு இரு பக்கத்துப் பெரியவர்களும் விடாமல் காத்த பேச்சுவார்த்தைக்கு அந்த வருகை சாட்சி.

இனிச் செய்ய வேண்டியது

ஒப்பிட்டுப் பார்த்தால் என் முடிவு இது: அன்னதானத்தை நிலையாக நடத்துவதில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது, அன்னதானத்தால் அண்டை வீட்டாரை உருவாக்குவதில் இலங்கைத் தமிழ் ஊர்கள் முன்னே நிற்கின்றன. ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்க வேண்டும். இலங்கைக் கோயில்கள் வரவு செலவை ஊர் முன் வைத்து, உபயகாரர் இல்லாத நாளுக்கும் ஒரு நிதியம் ஏற்படுத்த வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்கள் அன்னதானத்துக்குப் பணம் தருபவரை வாரத்தில் ஒரு நாளாவது பரிமாற வாருங்கள் என்று அழைக்க வேண்டும்.

கொங்கு நாட்டுக்குத் தனியாக ஒரு கடமை இருக்கிறது. கோவையின் பம்பு ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களால் ஓடுகின்றன. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி பரவியபோது, பலர் பயந்து ரயிலேறினார்கள். வருடக்கணக்கில் நம் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு, பயம் வந்த நேரத்தில் வந்து கதவைத் தட்ட நம்மில் ஒருவர் வீடு இல்லாமல் போனது நம் குறை.

வரும் தைப்பூசத்துக்குப் பந்தல் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் தங்கியிருக்கும் வடமாநில இளைஞர்களைச் சாப்பிட மட்டும் கூப்பிடாதீர்கள். சமைக்கவும் பரிமாறவும் கூப்பிடுங்கள். பந்தி முடிந்ததும் அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.