அளவு பிசகிய வீடுகள்

புத்தளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, என் மகன் கைபேசியில் செய்மதிப் படத்தைப் பெருப்பித்து யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த உம்மாவின் வளவைக் காட்டினான். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கிணறு எங்க மகன்? படலை எந்தப் பக்கம்?" படத்தில் பற்றைதான் தெரிந்தது. அவனுடைய கொப்பியை வாங்கித் தானே வரையத் தொடங்கினார். கிணறு குசினியை விடப் பெரிதாக வந்தது. "அளவு பிழை உம்மும்மா" என்றான். "நான் தண்ணி அள்ளின கிணறு. எனக்குத் தெரியாதா?" என்றார்.

இவற்றில் எது சரியான படம்? ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற கலைநூல் நம்மை இந்தக் கேள்விக்குத்தான் கொண்டு வருகிறது. 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்ட நூல் அது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே வைத்திருந்த காணிப் பதிவேடு. யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று ஆள்பவர் எழுதிய கணக்கு. சனாதனன் அந்தப் பெயரை எடுத்து, கணக்கை இழந்தவர் பக்கம் திருப்பிவிட்டார். வடக்கில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தங்கள் வீடுகளை நினைவிலிருந்து தரைப்படமாக வரைகிறார்கள். அதைக் கட்டடக் கலைஞரின் கோடுகள் ஒழுங்குபடுத்துகின்றன. பிறகு ஓவியரின் பாஸ்டல் சித்திரம் வருகிறது.

நூலின் அழகு இந்த மூன்றும் சேர்ந்திருப்பதில்தான் உள்ளது. தொழில்நுட்பக் கோடு நேராக்குகிறது. ஆனால் கைக்கோட்டை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரவில்லை. அளவு பிசகிய இடத்தில்தான் அந்த மனிதர் வாழ்ந்திருக்கிறார். செய்மதிக்கு இது முடியாது. அது மேலிருந்து கூரையைப் பார்க்கும். கூரை போன வீட்டை அதற்குத் தெரியாது.

உருவப்படம் என்றதும் நம்மவரில் பலருக்குத் தயக்கம் வரும். தரைப்படத்தில் அந்தத் தயக்கத்துக்கு வேலையில்லை. உயிருள்ள எதுவும் அதில் இல்லை. ஆனாலும் வாசலும் அறையும் கிணற்றடியும் ஆட்களைச் சொல்லிவிடுகின்றன. அலிகாரில் பிறந்த சரீனா ஹஷ்மி (1937–2020) இதை நன்கு அறிந்தவர். கணிதம் படித்து அச்சுக்கலைக்கு வந்த அவர், வாப்பாவின் வீட்டுத் தரைப்படத்தையே 1994இல் ஒரு படைப்பாக்கினார். 1999இல் 36 மரச்செதுக்கு அச்சுகளை உருதுச் சொற்களோடு கோத்து, வீடு என்பதையே அந்நிய இடமாகக் காட்டினார். கருப்புக் கோடுகளும் வெற்றிடமும்தான். ஆனால் பிரிவினையின் பிரிவு முழுதும் அதற்குள் இருக்கிறது.

சனாதனனின் நூலில் எனக்கொரு குறையும் உண்டு. கலைக்கூடங்களும் நூலகங்களும் வாங்கும் வகை நூல் அது. வீட்டை இழந்தவர்களின் கைக்கு அது எளிதில் வராது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவர்கள், தில்லையடியிலும் பாலாவியிலும் கிடுகுக் குடிசை போட்டவர்கள், எல்லோரிடமும் ஒரு தரைப்படம் மனசுக்குள் இருந்தது. அன்று முப்பது வயதானவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அதைவிட மூத்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிறார்கள்.

இளசுகள் இப்போது செயற்கை நுண்ணறிவிடம் 'பழைய யாழ்ப்பாணத்து வீடு' கேட்கிறார்கள். தூணும் முற்றமும் மாலை வெயிலுமாக ஒரு படம் வருகிறது. அழகுதான். ஆனால் அது ஆருடைய வீடு? ஆயிரம் வீடுகளின் சராசரி. அங்கே ஒருவரும் தண்ணி அள்ளவில்லை.

கைபேசியை எறிந்துவிடச் சொல்லவில்லை. அதே கைபேசியால் மூத்தவர்கள் வரைவதைப் படமெடுத்து, அவர்கள் குரலையும் பதிந்து வைக்கலாம். ஒரு நிபந்தனை: கோட்டை நேராக்க வேண்டாம். உம்மாவின் கொப்பித்தாளை நான் அப்படியே வைத்திருக்கிறேன், பெரிய கிணற்றோடு.