தூளியும் பூனையும்

எங்கள் வீட்டுத் தூளி, அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. ஐந்தரை மீட்டர் பருத்தித் துணி. வருடக்கணக்காகத் துவைத்துத் துவைத்து மொடமொடப்பெல்லாம் போய்ப் பூப்போல ஆகிவிட்டது. அதனால்தான் தூளிக்குப் புதுச்சேலை ஆகாது என்பார்கள். இரட்டையாக மடித்து உத்தரத்துக் கொக்கியில் முடிச்சுப் போட்டால் போதும். பிள்ளையின் முதுகுக்கு ஏற்றபடி துணி தானே குழிந்துகொள்ளும்.

அந்தத் தூளிமேல் எங்கள் பூனைக்கும் ஒரு கண். பச்சைக்குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். பூனையும் கிட்டத்தட்ட அவ்வளவு தூங்கும். ஆனால் பாப்பாவுக்குக் கண் செருகும் நேரம் பார்த்துத்தான் பூனைக்குப் பசிக்கும். காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறுகையால் மீன்சோற்றைத் தட்டில் வைப்பேன்.

தூளிக்குள் மட்டும் அதை விடுவதில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடும். சன்னலோரம் வெயில் விழும் இடத்தில் அதே சேலையின் கிழிசல் ஒன்றை விரித்திருக்கிறேன். தின்று முடித்து, மீசையை நக்கித் துடைத்து, அதில் சுருண்டுகொள்ளும்.

பிள்ளையின் மூச்சு, பூனையின் குறுகுறுப்பு, கொக்கியின் கிறீச். இந்த மூன்றும் கேட்கும் மதியம்தான் எங்கள் வீட்டின் நிறைவு.