தொட்டிக்குள் கறுப்புப் பூச்சு: எந்த வண்டிக்கு, எப்போது

காஞ்சிபுரத்தில் ஒரு குட்டி யானை லோடு வண்டியின் தொட்டியை எட்டிப் பார்த்தாலே அது என்ன லோடு அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். ஜல்லியும் செங்கல்லும் ஏற்றும் வண்டியில் தளம் தேய்ந்து தகடு பளபளக்கும்; மூலைகளில்தான் பெயிண்ட் மிச்சமிருக்கும். கோயிலுக்குப் பூ இறக்கும் வண்டியில் தேய்மானம் குறைவு, ஆனால் ஈரக்கூடை நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகத் துரு. இரண்டுக்கும் ஒரே மருந்தாகச் சிபாரிசு செய்யப்படுவது ஸ்ப்ரே பெட்லைனர். காய்ந்தபின் சொரசொரவென்று, ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்தது போல நிற்கும் பூச்சு. அமெரிக்கப் பிக்கப் வண்டிகளுக்காகப் பிறந்தது. ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் என்ற பெயர்கள் பிரபலமானது அங்கேதான். அவர்களுடைய முறையில் சூடாக்கிய இரண்டு திரவங்களை உயர் அழுத்த இயந்திரம் பீய்ச்சும். சில நொடிகளில் இறுகிவிடும். சாதாரண பெயிண்ட் பட்டறைக்கு ஒத்துவருவது ராப்டர் போன்ற கிட்தான். முக்கால் லிட்டர் பூச்சு இருக்கும் பாட்டிலில் கால் லிட்டர் ஹார்டனரை ஊற்றிக் குலுக்கி, அதற்கென்றே வரும் கன்னில் பாட்டிலை அப்படியே மாட்டி, வழக்கமான கம்ப்ரஸரில் அடித்துவிடலாம்.

பொருள் நல்ல பொருள். அதை விற்கும்போது சொல்லும் காரணத்தோடுதான் எனக்குத் தகராறு. "பார்த்தீர்களா, எவ்வளவு தடிமன்! துரு எப்படி உள்ளே போகும்?" என்பார்கள். துருவைத் தடுப்பது தடிமன் அல்ல என்பதற்கு இதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, பாரத்பென்ஸ் என்று கார், லாரி ஆலைகள் நிற்கின்றன. இத்தகைய ஆலைகளில் வண்டிக்கூட்டைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பிறகு பெயிண்ட் தொட்டிக்குள் முழுக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கை நுழையாத இடுக்கிலும் பெயிண்ட் படிகிறது. அடுப்பில் வெந்து இறுகுகிறது. ஈ.டி. கோட் எனப்படும் இந்தப் பூச்சின் தடிமன் சுமார் 20 மைக்ரான், தலைமுடியைவிட மெலிசு. வண்டிக்குப் பல ஆண்டுக் காவல் இதுதான். பெட்லைனர் இரண்டு கோட்டில் இதைப் போலப் பல மடங்கு தடிமனாக நிற்கும். ஆனாலும் துருவுக்கு மேல் அடித்தால் தோற்றுப்போகும். காரணம் எளிது. எந்தப் பெயிண்டும் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடத்தான் செய்யும். பூச்சு தகட்டை இறுகப் பிடித்திருந்தால் அந்த ஈரத்துக்குத் தங்க இடமில்லை. துருவுக்குள்ளோ உப்பு ஒளிந்திருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சேர்க்கும். மேலே கறுப்பாகக் கம்பீரமாக இருக்கும். அடியில் தகடு பொடியாகிக்கொண்டிருக்கும். மெலிந்த பெயிண்டாவது கொப்பளித்துக் காட்டிக்கொடுக்கும். இது கடைசிவரை வாயைத் திறக்காது.

ஆகவே பெட்லைனரின் வேலை துருவோடு சண்டை போடுவது அல்ல, கம்பெனி போட்ட அந்த மெல்லிய கோட்டை உரசலிலிருந்து காப்பது. இதை ஏற்றுக்கொண்டால் செய்முறையே மாறிவிடும். பல பட்டறைகளில் கிரைண்டரை எடுத்து வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்துவிட்டு ஆரம்பிக்கிறார்கள். புது வண்டியில் இது ஈ.டி. கோட்டைக் கையாலேயே கொல்வது. பளபளப்பு மங்கும் அளவுக்கு முரட்டு உப்புத்தாளோ சிவப்பு ஸ்காட்ச்பிரைட்டோ போட்டு உரசினால் போதும். அதற்கு முன்னும் பின்னும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். துடைக்கும் துணி ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். தப்பித் தவறி தகடு தெரிந்த இடத்துக்கு மட்டும் எபாக்ஸி பிரைமர். தளத்தில் தண்ணீர் வடியும் துளைகளை டேப்பால் அடைத்து, அடித்து முடித்ததும் டேப்பை எடுத்துவிட வேண்டும். மறந்தால் தொட்டி குளமாகும். கன்னில் காற்றழுத்தம் குறைந்தால் மணி பெரிதாக விழும், கூடினால் சன்னமாகும். ஹார்டனர் கலந்த பாட்டில் மிதமான வெயிலில் ஒரு மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் அவ்வளவு கூடத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை: ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து வாயு கக்கும், பூச்சில் ஊசிமுனைக் குழிகள் விழும். காலையில் பனி பூத்த தகட்டில் கன்னைத் தூக்கவே கூடாது. மறுநாளே காய்ந்தது போலத் தெரிந்தாலும், செங்கல் ஏற்றச் சில வாரம் பொறுப்பது நல்லது.

"புது வண்டிக்கு எதற்கு இந்தச் செலவு, பெயிண்ட் போனபிறகு பார்த்துக்கொள்ளலாமே" என்று உரிமையாளர் கேட்பார். மாதத் தவணை கட்டுகிறவரின் கேள்வி, நியாயமானதும்கூட. ஆனால் பெயிண்ட் போனபிறகு செலவு ஏறும், இறங்காது: துருவை வேரோடு எடுக்க மணல் பீய்ச்சும் பட்டறை, எபாக்ஸி பிரைமர், பிறகுதான் லைனர். வெளியே பாடி கட்டிய வண்டிகளில் இன்னொரு சிக்கல். அங்கே அடியில் இருப்பது பெரும்பாலும் சாதா ரெட் ஆக்சைடு. லைனரில் உள்ள காட்டமான தின்னர் அதை இளக்கிச் சுருட்டிவிடும். அதையும் சுரண்டியே ஆக வேண்டும். இத்தனைக்கும் பணமில்லை என்றால் பழைய வண்டிக்கு லைனர் வேண்டாம் என்பதே என் முடிவு. துரு தெரிந்த இடத்தைத் தேய்த்து ஆண்டுதோறும் சாதாரண பெயிண்ட் அடிப்பது மலிவு, நேர்மையும்கூட. ரப்பர் மேட் விரிக்கலாமே என்பதும் உண்டு. விரிக்கலாம், ஆனால் வாரம் ஒருமுறை எடுத்து உலர்த்துகிறவர் எத்தனை பேர்? மேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தேங்கும் பூத்தண்ணீரும் மண்ணும்தான் தளத்தை ஓட்டையாக்குகின்றன.

லைனருக்கு எதிரான வலுவான வாதம் டிங்கரிடமிருந்து வருகிறது. நம் ஊர் லோடு வண்டி ஆயுளில் பலமுறை வெல்டிங் பார்க்கும். இந்தப் பாலியூரித்தேன் லைனர் பூசிய தகட்டில் நெருப்பு வைத்தால் நச்சுப்புகை; முதலில் அகலமாகச் சுரண்டிவிட்டே வெல்டிங் வைக்க வேண்டும். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதனால்தான் தளம், பக்கச்சுவரின் உட்புறம், பின்கதவின் உட்புறம் ஆகியவற்றோடு நிறுத்தச் சொல்கிறேன். அடிக்கடி விரிசல் விடும் கீல், கொக்கி, சேஸிஸ் பக்கம் வேண்டாம். பட்டு நெசவு ஊருக்கே உரிய ஆட்சேபமும் ஒன்று: சேலையோ நூலோ ஏற்றும் வண்டியில் இந்தச் சொரசொரப்பு உதவாது. மூட்டைத்துணி ஒரு முனையில் விலகினால் போதும், மணிகள் பட்டிழையைக் கொக்கி போட்டு இழுத்துவிடும். அந்த வண்டியில் உரசலும் இல்லை, ஈரமும் இல்லை. லைனருக்கு அங்கே வேலையே கிடையாது.

அடிப்பவரின் மூச்சுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமாவைக் கிளப்பும். கர்ச்சீப் கட்டிக்கொள்வது வெறும் ஒப்புக்கு; வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியே சரியான ஏற்பாடு. அடைத்த அறையும் காற்றை இழுக்கும் ஃபேனும் இல்லாமல் தெருவோரம் அடிக்கும் பட்டறையிடம் வண்டியை விடக் கூடாது. வீட்டுக்கு வீடு தறி இருக்கும் தெருக்களில் அதன் தூசு யார் வீட்டுப் பாவில் போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் வண்டியின் வெளிப்புறம் முழுக்க அடித்துக் கறுப்பாக்குகிறார்கள். ஆர்.சி.யில் உள்ள நிறம் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டிவரும். கழுவினாலும் மணிகளுக்கிடையே அழுக்கு போகாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால் மாட்டும் கம்பிக் கேரியருக்கும் இது பொருந்தாது. உருண்டைக் கம்பியில் ஸ்ப்ரேயில் பாதி காற்றோடு போய்விடும். அதைக் கழற்றி பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் குறைந்த செலவில் வேலை முடியும்.